ஞாயிறு காலையில் எரியாத விளக்கு

போன மாதம் திவ்யா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற அதே குடிநீர் அலுவலகத்தின் வயர்லெஸ் பிரிவில் இப்போது வேலை பார்க்கும் பெண். குரலில் ஒரே எரிச்சல்.

"சேச்சி, இந்தக் கம்ப்யூட்டருக்கு வட்டாக்கும், முழுக் கிறுக்கு. புதுத் தொட்டியளுக்கு ஃப்ரீக்வன்சி பிரிச்சுத் தா எண்ணு சொன்னா, ஒரு எடவெளி சின்னது, அடுத்தது பெருசு, அதுக்கு அடுத்தது ரெண்டுங்கெட்டான். பல்லு போன வாய் மாதிரி இருக்கு. நான் எல்லாத்தையும் ஒரே அளவில அடுக்கி வச்சிரட்டா?"

"தொடாதே!" என்று நான் கத்திய கத்தலில், அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த என் கணவர் எட்டிப் பார்த்தார்.

"எதுக்கு சேச்சி? பாக்க நல்லா இருக்குமே."

பார்க்க நன்றாக இருக்கும் என்பதுதான் அதன் கெடுதல். போனில் சொல்லி முடிகிற சங்கதி அல்ல. அதனால் எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் சந்தேகக்காரி. டாக்டர் ஒன்றுமில்லை என்றால் இன்னொரு டாக்டரிடம் போவேன். பேருந்து நேரத்துக்கு வந்தால் அது நம் பேருந்துதானா என்று போர்டை இரண்டு தடவை படிப்பேன். எங்கள் பாறசாலைப் பக்கத்துப் பெண்கள் பொதுவாகவே அப்படித்தான். மீன்காரி மாதாவின் மேல் ஆணையிட்டுச் சொன்னாலும் செவுளைத் தூக்கி உள்ளே சிவப்பாக இருக்கிறதா என்று பார்க்காமல் மீன் வாங்கமாட்டோம். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு வேலைக்குச் சேர்ந்தபோது இந்தக் குணம் எனக்குப் பெரிய உதவியாக இருந்தது. மீட்டர் முள் காட்டுவதை நம்பாதே, தட்டிப் பார்; வயர் சிவப்பாக இருந்தால் அது பாசிட்டிவ் என்று நினைக்காதே, தொட்டுப் பார்ப்பதற்கு முன் அளந்து பார். முதல் சில வருடங்களில் நான் கற்றது இவ்வளவுதான். மீதி நேரமெல்லாம் ஜீப்பில் இருந்த வயர்லெஸ் செட்டுகளைப் பிரித்துப் பூட்டியே போனது.

தொண்ணூறுகளின் நடுவில் எங்களுக்கு ஒரு புது வேலை வந்தது. நெய்யாற்றங்கரையில் ஒரு பம்ப் ஹவுஸ். அங்கிருந்து மூன்று மேல்நிலைத் தொட்டிகளுக்குத் தண்ணீர் போகும். முதலாவது பம்ப் ஹவுஸ் வளாகத்திலேயே நின்ற முற்றத்துத் தொட்டி. இரண்டாவது கொஞ்சம் தள்ளி, சந்தைத் தொட்டி. மூன்றாவது தூரத்தில், காரோடு என்ற ஊரைத் தாண்டிக் கடற்கரைக் குடியிருப்புகளுக்கான கடப்புறத் தொட்டி. முன்பெல்லாம் ஆள் ஏறிப் பார்த்துச் சொல்லித்தான் எந்தத் தொட்டி காலி என்று தெரியும். ஒன்று வழிந்து ரோட்டில் ஓடும், இன்னொன்றில் காற்று வரும். சண்டை ஓயாது.

அதற்குத்தான் இந்தச் சின்ன டிரான்ஸ்மிட்டர்கள். சோற்றுப் பாத்திரம் அளவுக்கு ஒரு பெட்டி. தொட்டிக்குள் மிதவை கீழே இறங்கினால் பெட்டி தன் அடையாளக் குறியைக் காற்றில் அனுப்ப ஆரம்பிக்கும், நிறைந்தால் நிறுத்தும். பம்ப் ஹவுஸில் மூன்று ரிசீவர்கள், மூன்று சிவப்பு விளக்குகள். எந்தத் தொட்டியின் விளக்கு எரிகிறதோ அந்த வால்வைத் திறக்க வேண்டும். எரியாத விளக்கின் வால்வைத் திறந்தால் ஆபரேட்டருக்கு மெமோ. மூன்று ரிசீவருக்கும் கூரைமேல் ஒரே ஆண்டெனா, அதற்குக் கீழே ஒரே ஆம்ப்ளிஃபையர். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டிக்குள் சுண்டுவிரல் நகம் அளவில் தகர மூடி போட்ட ஒரு கிரிஸ்டல் இருக்கும். அதை எந்த அலைவரிசைக்கு வெட்டியிருக்கிறார்களோ அதில்தான் பெட்டி பேசும். ரிசீவரிலும் அதற்கு ஜோடியான ஒன்று. மாற்றவேண்டும் என்றால் பெங்களூருக்கு எழுதிப்போட்டுவிட்டு வழிபார்த்திருக்க வேண்டும். எதற்கு மாற்றுகிறாய் என்று காரணமும் எழுத வேண்டும்.

அலைவரிசைகளைப் பிரித்தவர் எங்கள் எஞ்சினியர் சுகுமாரன் சார். பாலராமபுரத்தில் நெசவுக்காரர் வீட்டுப் பிள்ளை. அந்த மனிதர் பென்சில் சீவுவதைப் பார்க்கவேண்டும். பிளேடை இழுக்க இழுக்கச் சுருள் அறாமல் விழும். முனை ஊசியாகும்வரை பேச மாட்டார். தேநீர்க் கோப்பை தட்டின் நடுவில் இல்லாவிட்டால் நகர்த்தி வைத்துவிட்டுத்தான் குடிப்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. சந்தேகம் வந்தால் மட்டும் பென்சிலை மேசைமேல் படுக்கவைத்து மெல்ல உருட்டுவார். அந்தச் சத்தம் கேட்டால் எங்கள் பிரிவே அடங்கிவிடும்.

அவர் ஒரு வெள்ளைத் தாளில் நீளமாகக் கோடு இழுத்தார். அதுதான் எங்களுக்கு ஒதுக்கப்பட்ட அலைவரிசைத் துண்டு. அதில் மூன்று குறுக்குக் கோடுகள். முற்றத்துத் தொட்டிக்கும் சந்தைத் தொட்டிக்கும் நடுவே ஐம்பது கிலோஹெர்ட்ஸ். சந்தைத் தொட்டிக்கும் கடப்புறத் தொட்டிக்கும் நடுவே அதே ஐம்பது. வேட்டிக் கரையில் ஓடும் கோடுகள்போல அவ்வளவு ஒழுங்கு.

"நோக்கூ ஷீலே, எந்தொரு சந்தம்!" என்று அழகை ரசித்தார். பிறகு, "மூணு ஊரும் தம்மில் வழக்காணு. இடைவெளி ஒண்ணுபோலெ இருந்நால் ஆர்க்கும் பராதி இல்லா" என்றார். யாருக்கும் புகார் இருக்காதாம். குழாயின் கனத்துக்குக்கூட ஊர்கள் சண்டை போட்ட காலம் அது. கண்ணுக்குத் தெரியாத அலைவரிசையிலும் அவர் பாகப்பிரிவினை செய்துவிட்டார்.

பெட்டிகளைப் பூட்டியது நான். சுரிதாரின் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஏணியில் ஏறுவேன். கீழே நிற்கும் ஆண்களை முதலில் தொட்டிக்கு மறுபக்கம் போகச் சொல்லுவேன். ஆண்டெனாவைத் திருப்பித் திருப்பிப் பம்ப் ஹவுஸில் சிக்னல் எவ்வளவு என்று கேட்டுச் சரிசெய்வோம். முற்றத்துத் தொட்டிக்கு மீட்டர் முள் போய் ஓரத்தில் முட்டியது. சந்தைத் தொட்டிக்கும் கிட்டத்தட்ட அப்படித்தான். கடப்புறத்துக்கு முள் அரைவாசிகூட ஏறவில்லை. தென்னைகளும் மேடும் குறுக்கே. விளக்கு எரிந்தது, போதும் என்றார் சார்.

பம்ப் ஹவுஸ் ஆபரேட்டர் ஞானதாஸ் அண்ணன். வீடு பம்ப் ஹவுஸுக்கு எதிரிலேயே. நாங்கள் இரண்டு பேரும் ஒரே சபை, பழைய மிஷன் சபை. முற்றத்துத் தொட்டியின் தண்ணீர் போவதும் பெரும்பாலும் எங்கள் சபைக்காரர் தெருக்களுக்குத்தான். பாடகர் குழுவில் கட்டைக் குரலில் பாடுவார். பாட்டைத் தவிர வேறெதற்கும் அதிகம் வாய் திறக்காத மனிதர். வருடக்கணக்காகத் தற்காலிக வேலை. நிரந்தர ஆணை இதோ வருகிறது, அதோ வருகிறது என்று காத்துக்கொண்டிருந்தார். ஞாயிறு காலை ஷிஃப்டை யாரும் எடுக்கமாட்டார்கள் என்பதால் அதையும் அவரே எடுத்துக்கொண்டு மாலை ஆராதனைக்கு வருவார்.

ஆரம்பத்தில் எல்லாம் சரியாக ஓடியது. பிறகு கடப்புறத்திலிருந்து புகார். ஞாயிறு காலையில் மட்டும் தண்ணீர் வருவதில்லை. வாரம் முழுக்க வரும். ஞாயிறு விடிந்தால் குழாய் காய்ந்து கிடக்கும். பூசையெல்லாம் முடிந்து மதியம் திரும்பும்போது வரும்.

கத்தோலிக்கரான கடற்கரைக்காரர்களுக்கு ஞாயிறு என்பது என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அன்று கடலுக்குப் போகமாட்டார்கள். மற்ற நாட்களில் ஆண்கள் கடலில் இருப்பார்கள். ஞாயிறன்று மொத்தக் குடும்பமும் வீட்டில். குளித்து, துவைத்ததை உடுத்து, பிள்ளைகளை மாதா கோயிலுக்குக் கூட்டிப்போக வேண்டிய நாள். அந்த நாளில் பார்த்துத் தண்ணீர் நின்றால் யாருக்குத்தான் பொறுக்கும்?

ஒரு திங்கட்கிழமை ஸ்டெல்லா அக்கா பம்ப் ஹவுஸுக்கு வந்துவிட்டார். கடப்புறத்துக் குடிநீர்க் கமிட்டியின் தலைவி, மீன்காரி. தலையில் குட்டை என்னும் மீன்கூடையோடு எங்கள் ஊர்களில் நடந்து விற்பவர். அன்று குட்டை இல்லை, பின்னால் பெண்களும் காலிக் குடங்களும். நான் அப்போது பாட்டரி மாற்ற வந்திருந்தேன்.

"எலே ஞானதாசு, வெளிய வா. ஞாயித்துக்கிழமெ எங்க வெள்ளத்தெ எவனுக்குத் திருப்பி விடுக?"

"அக்கா, வெளக்கு எரியல்ல. எரியாம நான் தொறக்கப்பிடாது."

"ஒனக்க சபைக்காரனுவளுக்க தொட்டிக்கு மட்டும் எரியுமா? ஒங்க ஆளுவ குளிச்சு, பவுடர் போட்டு, கோயிலுக்குப் போன பொறவுதான் எங்களுக்கு எச்சி வெள்ளம். அதானே?"

"அக்கா, தெய்வத்தாண..."

"தெய்வத்தெ இதில இழுக்காத. நாக்கு அழுவிப் போவும்."

அவர் சொன்னதில் நியாயம் இருப்பதுபோலத்தான் தெரிந்தது. வாரம் முழுக்க நன்றாக இருந்துவிட்டு ஒரே ஒரு நாள், அதுவும் ஞாயிறு என்று பார்த்து எந்த இயந்திரம் கெடும்? இயந்திரத்துக்குக் கிழமை தெரியுமா? கிழமை தெரிந்தது மனிதனுக்குத்தான்.

அந்த வாரத்திலிருந்து கடப்புறத்து மீன்காரிகள் ஞானதாஸ் அண்ணன் வீட்டு வாசலில் நிற்பதை நிறுத்தினார்கள். தெருமுனைவரைக்கும் "மீனேய்..." என்று கூவிக்கொண்டு வருவார்கள், அந்த வாசல் வந்ததும் வாயை மூடிக்கொள்வார்கள், தாண்டிய பிறகு மறுபடி கூவுவார்கள். அண்ணனின் மனைவி லில்லி கையில் சட்டியோடு கேட்டருகே நிற்பாள். மீன் வாங்காமல் ஒரு வாரம் இருந்து பார்த்தால் தெரியும் எங்கள் ஊரில் அது எத்தனை பெரிய அவமானம் என்று. அக்கம்பக்கத்து அடுக்களைகளில் மீன் பொரியும் வாசனை வரும். அந்த வீட்டில் பயறு.

சுகுமாரன் சார் என்னைக் கூப்பிட்டார். பென்சில் உருண்டுகொண்டிருந்தது.

"ஞானதாஸ் நின்றெ சபைக்காரன் அல்லே?"

"ஆமா சார்."

"ம்." எனக்குச் சுருக்கென்றது. சந்தேகத்தில் என்னையும் சேர்த்துவிட்டார் என்று புரிந்தது.

நான் மட்டும் என்ன, சும்மா இருந்தேனா? வரிசையாக எல்லோரையும் சந்தேகப்பட்டேன். முதலில் மிதவையை; தொட்டியில் ஏறிப் பார்த்தால் எண்ணெய் போட்டதுபோல இறங்கி ஏறியது. பிறகு பாட்டரியை. பிறகு கடப்புறத்து இளவட்டங்கள் ஏறிப் பெட்டியை நோண்டுகிறார்களோ என்று. பூட்டு நான் போட்ட முத்திரையோடு அப்படியே இருந்தது. கடைசியில் ஞானதாஸ் அண்ணனையேதான். சபையில் பக்கத்தில் நின்று பாடுகிறவர் என்பதெல்லாம் எனக்கு ஒரு சான்றா? ஒரு ஞாயிறு காலை ஆராதனையை விட்டுவிட்டு பம்ப் ஹவுஸில் போய் உட்கார்ந்தேன். போதகர் அதற்கும் என்னைச் சந்தேகப்பட்டார், அது வேறு கதை.

விடியும்போதே முற்றத்துத் தொட்டியின் விளக்கு எரிந்தது. கொஞ்ச நேரத்தில் சந்தைத் தொட்டியுடையதும். அங்கே ஞாயிற்றுச் சந்தை. இறைச்சிக்கடைகளில் கழுவித் தள்ளுவார்கள். அண்ணன் இரண்டு வால்வுகளையும் திறந்தார். கடப்புறத்து விளக்கு இருட்டு. அப்போது கடப்புறத்துக் கோயில் அலுவலகத்திலிருந்து போன்: தொட்டி காலி, தண்ணீர் விடு. அண்ணன் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"பாத்துக்கிடு ஷீலா. தொறந்தா சாரு மெமோ தருவாரு. தொறக்கல்லேண்ணா கடப்புறத்துக்காரிய சாவம் தருவாளுவ. நான் இப்ப எந்தக் கைய நீட்ட?"

அவர் எதையும் தொடவில்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் கண்ணையும் சந்தேகப்படலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன்.

அடுத்த சனிக்கிழமை மாலை கடப்புறத் தொட்டியில் ஏறி அந்தப் பெட்டியையே அணைத்துவிட்டு வந்தேன். வேரோடு பிடுங்கிப் பார்ப்போம் என்றுதான். ஞாயிறு காலை பம்ப் ஹவுஸில் கடப்புறத்து ரிசீவரோடு ஒரு சின்ன ஸ்பீக்கரை இணைத்தேன். பெட்டி அணைந்து கிடக்கிறது; அந்த அலைவரிசையில் ஒரு பூச்சிகூடப் பேசக்கூடாது. முதலில் வெறும் இரைச்சல்தான் வந்தது. முற்றத்து விளக்கு எரிந்தது, அப்போதும் இரைச்சல். சந்தை விளக்கு எரிந்த அதே நொடியில் ஸ்பீக்கரிலிருந்து கரகரவென்று இரண்டு பேர் ஒன்றாகப் பேசுவதுபோல ஒரு சத்தம் கிளம்பியது. ஆளில்லாத வீட்டுக்குள் பேச்சுக் குரல்!

"எழவு, இது எவன் பேசுகான்?" என்றார் அண்ணன்.

நான் எழுந்து வெளியே ஓடி முற்றத்துத் தொட்டிப் பெட்டியின் பிளக்கை உருவினேன். உள்ளே சத்தம் நின்றது. செருகினேன், வந்தது. உருவினேன், நின்றது. இரண்டு பேரும் சேர்ந்தால்தான் மூன்றாவது குரல்.

சங்கதி இதுதான். இரண்டு அலைகள் மிகப் பலமாக ஒரே ஆம்ப்ளிஃபையருக்குள் புகுந்தால், எங்கேயும் இல்லாத மூன்றாவது அலை ஒன்று அதற்குள்ளேயே பிறந்துவிடும். எந்த இடத்தில் பிறக்கும் என்பதற்குக் கணக்கு உண்டு. அந்த இரண்டுக்கும் நடுவே எத்தனை இடைவெளியோ, அதே இடைவெளி தள்ளி அடுத்த இடத்தில். இரண்டு படி கட்டியிருந்தால் மூன்றாவது படி எங்கே வரும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாமே, அதுபோல. அந்த மூன்றாவது படியில்தான் நாங்கள் கடப்புறத் தொட்டியை உட்காரவைத்திருந்தோம். தூரத்திலிருந்து வரும் அதன் மெல்லிய குரல் இந்த இரைச்சலில் அமுங்கிப்போகும்; ரிசீவருக்கு அதன் குறி கேட்காமல் விளக்கு எரியாது. மற்ற நாட்களில் முற்றத்துத் தொட்டியும் சந்தைத் தொட்டியும் ஒரே நேரத்தில் காலியாவதில்லை. ஞாயிறு காலையில் ஒரு ஊர் ஆராதனைக்குக் குளிக்கும், ஒரு ஊர் சந்தையில் இறைச்சி கழுவும். இயந்திரத்துக்குக் கிழமை தெரியாது. தொட்டியைக் காலியாக்குகிற ஊர்களுக்குத் தெரியும்.

அன்று கடப்புறத்து வால்வை என் பொறுப்பில் திறக்கச் சொன்னேன். காலையிலேயே தண்ணீர் போனது. அது இன்னும் வினையாயிற்று. "ஆபீசுக்காரி காவல் இருந்தா வெள்ளம் வருது, அவ இல்லேண்ணா வரல்ல, கண்டியளா?" என்று கடப்புறம் முழுக்கப் பேச்சு.

திங்களன்று சாரிடம் போனேன். நான் பாதி சொல்வதற்குள் அவருக்குப் புரிந்துவிட்டது. கெட்டிக்காரர், அதில் சந்தேகமே இல்லை. அந்தப் பழைய தாளை எடுத்து, முதல் கோட்டிலிருந்து இரண்டாவதுக்குப் பென்சிலால் ஒரு வளைவு போட்டார்; அங்கிருந்து அதே வளைவு மூன்றாவது கோட்டின் தலையில் போய் விழுந்தது. பென்சிலைத் தாளின்மேல் வைத்தார். பிறகு கேட்டார்:

"இது ஆரோடெங்கிலும் பறஞ்ஞோ?"

யாரிடமும் சொல்லவில்லை என்றேன். "பறயண்டா. க்ரிஸ்டல் வரட்டெ" என்று என் வாயைக் கட்டினார். கடப்புறத்து அலைவரிசையைத் தூரமாக, படிக்கணக்கில் சிக்காத ஒரு இடத்துக்குத் தள்ளிப் புதுக் கிரிஸ்டலுக்கு எழுதினார். காரணம் என்ன எழுதினார் என்று எனக்குக் காட்டவில்லை. நானும் விடாமல் எட்டிப் பார்த்தேன், கையால் மறைத்துக்கொண்டார்.

கிரிஸ்டல் வந்தது. நான் போய்ப் பூட்டினேன். திரும்பி வந்தால் பம்ப் ஹவுஸில் வேறு ஆள் உட்கார்ந்திருக்கிறான். ஞானதாஸ் அண்ணனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். கடப்புறத்துக் கமிட்டி கேட்டுக்கொண்டபடி அவர்கள் ஊர்க்காரனையே போட்டிருந்தார்கள். செல்வராஜ், ஸ்டெல்லா அக்காவின் தங்கை மகன்.

எனக்கு வந்த கோபத்தில் நேராகச் சாரின் அறைக்குப் போனேன். "சார், குத்தம் எடவெளியில எண்ணு உங்களுக்குத் தெரியும். பின்ன அவரெ எதுக்கு நிறுத்துனீங்க?"

"ஷீலே, ரெண்டும் ரெண்டு கார்யமாணு. அது மேலேந்நு வந்ந ஆர்டர்." பென்சில் உருளவில்லை. கையில் இறுக்கிப் பிடித்திருந்தார்.

அந்த ஞாயிறு கடப்புறத்தில் விடியும்போதே தண்ணீர் வந்தது. அடுத்த ஞாயிறும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். புதுக் கிரிஸ்டலை யார் கண்டார்கள்? ஊர் கண்டது ஒன்றுதான்: ஞானதாஸ் போனான், தண்ணீர் வந்தது. எங்கள் சபையில்கூட, "நெருப்பில்லாம பொகையுமா?" என்று கேட்டார்கள். பாடகர் குழுவுக்கு அண்ணன் வருவதை நிறுத்திவிட்டார். மரச்சீனிக் கிழங்கு லோடு ஏற்றும் கூலி வேலைக்குப் போனார். மீன்காரிகள் இன்னும் அந்த வாசலில் வாய் மூடித்தான் நடந்தார்கள்.

சந்தையில் வைத்து ஸ்டெல்லா அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். படி, குரல், கிரிஸ்டல் எல்லாம். அவர் ஒரு மத்தியைத் தூக்கித் தட்டில் போட்டுவிட்டுச் சிரித்தார்.

"ஒனக்க சபைக்காரனெ நீ விட்டுக் குடுப்பியா மக்கா? ரெண்டு பேய் பேசி மூணாவது பேயெப் பெத்துதாக்கும்! போ, போய் வேற ஆருட்டயாவது சொல்லு."

அவரைக் குறை சொல்ல முடியுமா? நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். தொட்டுப் பார்க்காததை நம்பாதே என்று வாழ்ந்தவள்தானே நான். அப்போதுதான் எனக்கு வழி தெரிந்தது.

பழைய கிரிஸ்டல் ஜோடி என் மேசை இழுப்பறையில் கிடந்தது. ஒரு சனிக்கிழமை மாலை யாரிடமும் கேட்காமல் கடப்புறத் தொட்டியில் ஏறிப் பழையதைத் திரும்பப் பூட்டினேன். ரிசீவரிலும் மாற்றினேன். ஞாயிறு விடியும் முன் ஸ்டெல்லா அக்கா வீட்டுக்கே போய், "உங்க ஊருக்கு இன்னைக்கு வெள்ளம் வராது. ஏன் எண்ணு பாக்க வாங்க" என்றேன். அவர் என்னை அடிக்காமல் விட்டது பெரிது. ஆனால் வந்தார். பின் எப்படி வராமல் இருப்பார்? அவரும் சந்தேகக்காரிதான்.

பம்ப் ஹவுஸில் செல்வராஜ் இருந்தான். முற்றத்து விளக்கு எரிந்தது, சந்தை விளக்கு எரிந்தது. கடப்புறத்து விளக்கு இருட்டு. கடப்புறத்துக் கோயிலிலிருந்து போன் வந்தது. ஸ்டெல்லா அக்காவே எடுத்தார். தொட்டி காலி என்று கேட்டதும் போனை வைத்துவிட்டு விளக்கைப் பார்த்தார், செல்வராஜைப் பார்த்தார்.

"எலே, நீயுமா?"

"பெரியம்மே, நான் ஒண்ணுஞ் செய்யல்ல!"

"பின்ன எதுக்கு எரியல்ல? எவன் ஒன்னெ வெலைக்கு வாங்கினான்? சொல்லு!"

"மாதாவாண பெரியம்மே, வெளக்கு எரியாம நான் எப்பிடித் தொறக்க?"

ஸ்டெல்லா அக்காவின் முகம் மாறியது. அந்தப் பேச்சை அவர் இதே இடத்தில், இன்னொருவர் வாயிலிருந்து கேட்டிருக்கிறார் அல்லவா.

நான் அவரை வெளியே கூட்டிப்போய் முற்றத்துத் தொட்டிப் பெட்டியின் பிளக்கைக் காட்டி, "உருவுங்க அக்கா" என்றேன். உருவினார். கதவு வழியே பார்த்தால் உள்ளே கடப்புறத்து விளக்கு பளிச்சென்று எரிந்தது. செருகினார், அணைந்தது. உருவினார், எரிந்தது. மீன் நாற்றம் போகாத அந்தக் கையால் எத்தனை முறை செய்தாரோ. செல்வராஜ் கடப்புறத்து வால்வைத் திறக்கப் போகும்போதும் அவர் செருகி உருவிக்கொண்டுதான் நின்றார்.

"இது அந்த சாருக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியும்."

"ஞானதாசெ நிறுத்தும் முன்னயா, பொறவா?"

நான் அவர் கையிலிருந்த பிளக்கை வாங்கிக்கொண்டேன். அவருக்கு அதுவே போதுமாக இருந்தது.

திங்களன்று அலுவலகத்தில் பழையபடி குடங்கள். இந்த முறை சாரின் மேசைக்கு முன்னால், ஒழுங்கில்லாமல், கண்டபடி. ஸ்டெல்லா அக்கா உட்காரவே இல்லை.

"சாரே, நிங்க கோட்டெ அழகா வரச்சதுக்கு எங்க பிள்ளைய குளிக்காம கோயிலுக்குப் போச்சு. அது போட்டு. அதுக்கு ஒருத்தன் மரச்சீனி சொமக்கணுமா? அவனெத் திரும்ப எடுக்கல்லேண்ணா நாங்க இந்தக் கொடத்தெ எடுக்கமாட்டோம்."

சார் ஒரு குடத்தைப் பார்த்தார். அது மேசை விளிம்புக்குக் கோணலாக இருந்தது. நகர்த்தி வைக்கக் கை போனது, பாதியில் நின்றது. அவர்களை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு என்னை மட்டும் நிறுத்திக்கொண்டார்.

"பழய க்ரிஸ்டல் இட்டது நீயல்லே?"

"நான்தான் சார்."

"நீ என்னெ சம்சயிச்சு, அல்லே?"

"சம்சயிச்சேன் சார்."

"இப்போழும்?"

"இப்பளும் சார்."

பென்சிலைப் படுக்கவைத்தார், உருட்டவில்லை. அண்ணனை நிறுத்தச் சொன்ன ஆர்டர், தான் கிரிஸ்டலுக்கு எழுதும் முன்பே மேலிடத்திலிருந்து வந்துவிட்டது, தன் கையில் ஒன்றுமில்லை என்றார். உள்ளதா பொய்யா என்று இன்றுவரை நான் முடிவு செய்யவில்லை. ஆனால் அன்றே மேலிடத்துக்கு ஒரு குறிப்பு எழுதினார், என் முன்னாலேயே, கையால் மறைக்காமல். அலைவரிசை இடைவெளியைத் தான் தவறாகத் தேர்ந்தெடுத்ததாகவும் ஆபரேட்டர் மேல் குற்றமில்லை என்றும். அதற்கு அடியிலேயே எனக்கு ஒரு மெமோவும் எழுதினார், அனுமதியில்லாமல் கிரிஸ்டலை மாற்றியதற்கு. இரண்டிலும் வரிகள் ஒரே இடைவெளியில் இருந்தன. அதன்பிறகு எந்தத் திட்டத்துக்கும் அவர் கோடுகளைச் சமமாக வைத்ததில்லை. கோணல்மாணலாகக் குறித்துவிட்டு, "கண்ணு வேதனிக்குந்நு, நீ நோக்கு" என்று என்னிடம் தள்ளுவார்.

திவ்யா, அந்த இடைவெளிகளை நீ தொடாதே என்று சொன்னது இதற்குத்தான். அசிங்கமாகவே இருக்கட்டும்.

குறிப்பு மேலே போய்த் திரும்பி வர நாளாயிற்று. ஆனால் ஞானதாஸ் அண்ணன் வந்துவிட்டார். அவர் வேலைக்குத் திரும்பிய காலையில் நானும் பம்ப் ஹவுஸில் இருந்தேன், பாட்டரி மாற்ற. புதுக் கிரிஸ்டலை அந்த வாரமே திரும்பப் பூட்டியாகிவிட்டது. தெருமுனையில் "மீனேய்..." என்று குரல் கேட்டது. எதிர்வீட்டில் லில்லி கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். குரல் நெருங்கி வந்தது. அந்த வாசலில் வந்தும் நிற்கவில்லை.

"மீனேய்! லில்லியே, மீனு!"

ஸ்டெல்லா அக்கா தலையில் குட்டையோடு நின்றார். நிறைந்த குட்டையை ஒருவரே இறக்க முடியாது. வீட்டுக்காரி வந்து ஒரு கை பிடிக்க வேண்டும். லில்லி வரவில்லை. அக்கா கழுத்தை விறைத்துக்கொண்டு அப்படியே நின்றார், மீன் தண்ணீர் தோளில் வடிந்தது. அண்ணன் பம்ப் ஹவுஸ் படியிலிருந்து, "பிடி லில்லி" என்றார். அப்புறம்தான் அவள் வந்தாள். இரண்டு பேருமாக இறக்கினார்கள்.

லில்லி குனிந்து ஒரு மீனை எடுத்துச் செவுளைத் தூக்கினாள்.

"இது நேத்தத்த மீனில்லியா?"

"எனக்க மாதாவே! இன்னைக்குக் காலத்தெ கரையேறினதாக்கும்."

லில்லி அதைக் கீழே வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். அதன் செவுளையும் தூக்கிப் பார்த்தாள். அதற்கடுத்ததையும். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனாள். வேறு வீடாக இருந்திருந்தால் ஸ்டெல்லா அக்கா குட்டையைத் தூக்கிக்கொண்டு திட்டியபடியே போயிருப்பார். அன்று கேட்டருகே மண்ணில் உட்கார்ந்து, முந்தானையால் தோளைத் துடைத்துக்கொண்டார்.

"பாத்துக்கிடு மக்கா," என்றார். "எல்லாத்தையும் பாத்துக்கிடு. நான் இருக்கேன்."

லில்லி கடைசி மீன்வரைக்கும் பார்த்தாள்.